எடை பார்த்துச் சொல்ல ஒரு ஆள்

வாங்க தம்பி, உள்ள வாங்க. தராசு ரிப்பேர்க் கடைக்காரர் நீங்கதானுங்க? காலையில போன் போட்டது நாந்தான், வெள்ளிங்கிரி. நான் எந்திரிச்சு வந்து கதவத் தொறக்கறதுக்குள்ள மூணு தாட்டி பெல்லு அடிச்சுட்டீங்க, கோவிச்சுக்காதீங்க. முட்டி ரெண்டும் போச்சு. கட்டில்ல இருந்து எந்திரிக்க ஒரு நேரம், நிமுந்து நிக்க ஒரு நேரம், அப்பறம்தான் நடை. தம்பிங்கறேன், உங்களுக்கே தாடி நரைச்சிருக்குது. இருக்கட்டும், எனக்கு அறுபத்தி மூணு.

இந்தச் சேர்ல உக்காருங்க. அந்த ரெட்டைச் சேர் வேண்டாம், அது என்னோடது. ஒண்ணு மேல ஒண்ணு போட்டாத்தான் என்னைத் தாங்குது. போன வருசம் ஒரு கண்ணாலத்துல ஒத்தைச் சேர் காலு விரிஞ்சு போச்சுங்க. சாம்பார் ஊத்திட்டு இருந்த பையன் கரண்டியோட அப்படியே நின்னுட்டான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். எல்லாரும் சிரிக்கறப்ப நாம மட்டும் சிரிக்காம இருந்தா நல்லா இருக்காதுங்களே. அதுக்கப்பறம் ஒரு கண்ணாலத்துக்கும் போகல.

மிஷினு அதாங்க, துண்டு போட்டு மூடி வெச்சிருக்கறது. எடுங்க, எடுங்க. கண்ணாடி மிஷின். ஏறி நின்னா நம்பரு வரும். இதுக்கா நம்மளக் கூப்பிட்டாருன்னு பாக்கறீங்க. அரிசி மண்டித் தராசு, கறிக்கடைத் தராசுன்னு பாக்கற ஆளு நீங்க, எனக்குத் தெரியும். ஆனா எடைக்கல்லு வெச்சுப் பாத்துச் சரியா தப்பான்னு சொல்ற ஆளு உடுமலையில நீங்கதான்னாங்க. கல்லு கொண்டாந்தீங்களா? முத்திரை போட்ட கல்லுதானுங்களே? நாலு இருபது கிலோக் கல்லையும் மொபெட்டுல வெச்சுக் கொண்டாந்தீங்களா! சரி, நல்லதாப் போச்சு.

எனக்கு வேணுங்கறது ஒண்ணே ஒண்ணுதான். இந்த மிஷினு தப்புன்னு நீங்க சொல்லோணும். ரிப்பேர் கூடப் பண்ண வேண்டாம். தப்புன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும், என்ற பொண்டாட்டி பூனாவுல இருந்து கெளம்பி வந்துருவா.

சிரிக்கறீங்க. சித்த இருங்க, சொல்றேன். கல்லு எங்கியும் ஓடிப் போகாது.

அவ பேரு வசந்தாமணி. அஞ்சு வருசத்துக்கு முந்தி முட்டி வலின்னு ரெண்டு பேரும் கோயமுத்தூர்ல ஒரு பெரிய டாக்டர்கிட்டப் போனோம். அவரு எக்ஸ்ரேயத் தூக்கிப் பாத்துட்டு, "ரெண்டு முட்டியும் மாத்தணுங்கய்யா. ஆனா இந்த எடையில நான் கத்தி வெக்க மாட்டேன். நூத்திப் பத்துக்குக் கீழ கொண்டாந்துட்டு வாங்க"ன்னுட்டாரு. அன்னைக்கு நான் நூத்தி முப்பத்தியொண்ணு. அன்னைக்குச் சாயந்தரமே இந்த மிஷின வாங்கியாச்சு. எனக்கு எதுலயும் ஒரு கண்டிப்பு வேணுமுங்க. மில்லுல முப்பத்தஞ்சு வருசம் சூப்பர்வைசர். நூலு ஒரு இழை கூடக் கொறைய இருந்தா தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சுருவேன்.

ஆனா பாருங்க, மிஷினு வாங்கிக் கொண்டாந்து ஏறி நின்னதுக்கு அப்பறம்தான் வெசயம் தெரியுது. நம்பரு எனக்குத் தெரியறதில்ல. குனிஞ்சா வயிறுதான் தெரியுது. இன்னும் கொஞ்சம் எட்டிக் குனிஞ்சா மிஷினு ஆடி நம்பரு மாறிக்குது. எறங்குனா அழிஞ்சு போகுது. கடைக்காரன் சொல்லாத வெசயம் இது. குண்டா இருக்கறவனுக்குத்தான் இந்த மிஷின விக்கறான், குண்டா இருக்கறவனுக்கு அதுல நம்பரு தெரியாது! என்ற காலையே நான் நேராப் பாத்து இருபது வருசம் இருக்குமுங்க. நகம் வெட்டறது கூட வசந்தாமணிதான். இப்ப எட்டு மாசமா அதுக்கும் ஆளில்ல. முடி வெட்டற தம்பிகிட்ட ஒரு தாட்டி கேட்டேன். வெட்டி உட்டான், பாவம். ஆனா அடுத்த தாட்டி கேக்கறதுக்கு எனக்கு வாய் வரல.

அதனால நம்பரு பாத்துச் சொல்றது வசந்தாமணி வேலையாப் போச்சு. ஞாயித்துக்கெழம காலையில, காப்பி குடிக்கறதுக்கு முந்தி. வாட்ச்சு, மோதிரம், அரைஞாண் கவுறு எல்லாத்தையும் கழட்டிருவேன். ஒரு டவுசரோட ஏறி நிப்பேன். அவ கண்ணாடியப் போட்டுட்டுக் கீழ மண்டி போட்டு உக்காந்துக்குவா. மூச்சப் புடிச்சுட்டு நிப்பேன். அவ படிப்பா: "ஏனுங், நூத்தி இருவது புள்ளி நாலுங்க." நான் நோட்டுல எழுதிக்குவேன். கொறைஞ்சிருந்தா அன்னைக்கு ஆட்டுக்கறி. கூடியிருந்தா அன்னைக்கு ஊட்டுல அடுப்பே எரியாது.

கூடுனது ஒரே ஒரு தாட்டிதான். மிஷினு வாங்கி மூணாவது வாரம். "அறநூறு கிராம் எச்சா இருக்குதுங்க"ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வாரம் பூராக் கம்பங்கூழும் கொள்ளு ரசமுமாக் குடிச்சவன் நான். அறநூறு கிராம் எங்கிருந்து வரும்? எண்ணெய அள்ளி ஊத்திச் சமைச்சிருக்கறா, அதானே அர்த்தம்? சட்னிக் கிண்ணத்தத் தூக்கி வீசுனேன். அவ மேல வீசலீங்க, செவுத்து மேல. அந்தா, காலண்டரு தொங்குது பாருங்க, அந்தக் கறைய மறைக்கத்தான் அவ அங்க மாட்டுனா. நாலு நாளு பேசல. கையி நீட்டறதெல்லாம் நம்மகிட்டக் கெடையாது. முப்பத்தேழு வருசத்துல ஒரு அடி அடிச்சதில்ல. பேச மாட்டேன், அவ்ளோதான். அவளும் அந்த நாலு நாளும் சாப்பிடல. அது அவளாச் சாப்பிடல, நான் சாப்பிட வேண்டாம்னு சொல்லல.

ஆனா அந்தக் கண்டிப்பு எப்படி வேலை செஞ்சுது தெரியுங்களா? அதுக்கப்பறம் ஒரு வாரம் கூட ஏறுனதில்ல தம்பி. வாரத்துக்கு நூறு கிராம். ஒரே சீரா எறங்குச்சு. நூறுக்கு மேல எறங்குனதும் இல்ல, கீழ எறங்குனதும் இல்ல. தீவாளி வாரம் நூறு கிராம், பொங்கல் வாரம் நூறு கிராம், எனக்குக் காய்ச்சல் வந்து கஞ்சியாக் குடிச்ச வாரமும் நூறு கிராம். மில்லுல கூட அப்படி ஒரு சீரான நூல நான் பாத்ததில்லீங்க. நோட்ட எடுத்துட்டுப் போயி எத்தனை பேருகிட்டக் காட்டியிருக்கறேன் தெரியுங்களா? கட்டுப்பாடுன்னா இப்படி இருக்கோணும்னு சொல்லுவேன். காட்டி முடிஞ்சதும் அவ நோட்ட வாங்கிப் பையில வெச்சுருவா.

அப்படியே நாலு வருசம். நூத்தி ஒம்போது புள்ளி நாலு! அவ அதப் படிச்ச அன்னைக்கு நான் கண்ணுல தண்ணி வெச்சுட்டேன். இனி முட்டிய மாத்திரலாம், மார்க்கெட்டு வரைக்கும் நடக்கலாம், பேரனோ பேத்தியோ பொறந்தா பூனாவுக்குப் போயித் தூக்கிட்டுத் திரியலாம். எங்க பொண்ணு சுகந்தி அப்ப ஏழு மாசம். "நாளைக்கே கோயமுத்தூர் போறோம்"னேன். வசந்தாமணி, "இன்னும் ஒரு மாசம் போகட்டுமுங்க, இன்னும் கொஞ்சம் கொறைஞ்சுரட்டும்"னா. எதுக்கு ஒரு மாசம்? டாக்டர் சொன்னது நூத்திப் பத்து. நாம நூத்தி ஒம்போது. போயாச்சு.

அங்க ஒரு நர்ஸுப் பொண்ணு ஏறி நிக்கச் சொல்லுச்சு. நெஞ்ச நிமுத்திட்டு ஏறுனேன். அந்தப் பொண்ணு பாத்துட்டு, சும்மா ஊட்டுக்குப் பாலு எத்தனை லிட்டருன்னு சொல்ற மாதிரி சொல்லுது, "நூத்தி இருபத்தாறு."

அங்க நாப்பது பேராச்சும் இருந்திருப்பாங்க. நான் கத்தறவன் இல்லீங்க. மில்லுச் சத்தத்துல பேசிப் பழகுன தொண்டை, சாதாரணமாப் பேசுனாலே அப்படித்தான் கேக்கும். "உங்க மிஷினு தப்பு"ன்னேன். அந்தப் பொண்ணு வேறொரு மிஷின இழுத்துட்டு வந்துச்சு. அதுலயும் நூத்தி இருபத்தாறு. அப்பத்தான் நான் வசந்தாமணியப் பாத்துத் திரும்பி ஒரு வார்த்தை கேட்டுட்டேன். "கண்ணு குருடா உனக்கு? நாலு வருசமா ஒரு நம்பரு ஒழுங்காப் படிக்கத் தெரியல, நீயெல்லாம் எதுக்குடி"ன்னு.

அவ என்ற பைலையும் தண்ணி பாட்டலையும் நெஞ்சோட சேத்துப் புடிச்சுட்டு நின்னா. ஏதாவது ஒண்ணு சொல்லியிருக்கலாம்ல? சொன்னாத்தானுங்க நமக்குத் தெரியும்?

திரும்பி பஸ்ல வந்தோம். ரெண்டு பேரு சீட்டுல நான் உக்காந்தா அவளுக்கு எடமிருக்காது. எப்பவும் முன்னாடி லேடீஸ் சீட்டுல போயி உக்காந்துக்குவா. நான் பின்னாடி இருந்து அவ கொண்டையப் பாத்துட்டே வருவேன். கண்ணாலமான புதுசுலதான் பஸ்ல ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து வந்தது. அப்பெல்லாம் அவ தூங்கி என்ற தோள்ல சாஞ்சுக்குவா. இப்ப பொள்ளாச்சி தாண்டி உடுமலை வர்ற வரைக்கும் அவ ஒரு தாட்டி கூடத் திரும்பிப் பாக்கல.

அந்த வாரமே பூனாவுக்குப் போயிட்டா. சுகந்திக்குப் பேறுகாலம், அம்மா கூட இருக்கோணும், சரிதான். மூணு மாசம்னு சொல்லிட்டுத்தான் போனா. எட்டாச்சு. பேத்தி பொறந்து, குப்புற உழுந்து, இப்பத் தவழுதாம். போட்டோ அனுப்புவாங்க. நானும் தெனமும் போன் போடறேன். சுகந்திதான் எடுக்கறா. "அம்மா குளிக்குதுங்ப்பா"ங்கறா. சாயந்தரம் போட்டா, "அம்மா தூங்குதுங்ப்பா." பூனாவுல நெம்பக் குளுரு போலருக்குது, எந்நேரமும் தூக்கம். ஆனா அந்தக் குளுருல எதுக்கு ஒரு நாளைக்கு நாலு தாட்டி குளிக்கறாளோ, அதுதான் எனக்குப் புரியல.

அவ போன மறுவாரம் கேஸ் சிலிண்டர் கொண்டாந்த ஆளப் புடிச்சேன். "சித்த கீழ பாத்து நம்பரச் சொல்லுப்பா"ன்னு இந்த மிஷின்ல ஏறி நின்னேன். அவரு பாத்துட்டு, "நூத்தி இருபத்தேழு சார்"ங்கறாரு! நம்ம ஊட்டு மிஷினே! ஒரு வாரத்துல பதினேழு கிலோ ஏறுமா தம்பி? அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. மிஷினு தப்பு. முந்தி கொறைச்சுக் காட்டியிருக்குது, இப்ப எச்சாக் காட்டுது. ஆகமொத்தம் நம்பறதுக்கு லாயக்கில்லாத மிஷினு. அப்ப வசந்தாமணி மேல என்ன தப்பு? மிஷினு காட்டுனத அவ படிச்சா. பாவம், அவளப் போயி நாப்பது பேரு முன்னாடி குருடின்னுட்டேன்.

ஆஸ்பத்திரி மிஷினும் இதுவும் ஒரே மாதிரி தப்பா இருக்குமான்னுதானுங்க பாக்கறீங்க? இருக்குமுங்க. ரெண்டும் ஒரே கம்பெனியா இருக்கும்.

அன்னைக்குத் துண்டு போட்டு மூடுனதுதான். எட்டு மாசமா ஏறல. ஏறி என்ன பண்றது, படிக்க ஆளு வேணுமே. சாப்பாடு மெஸ்ஸுல இருந்து வருது. மத்தியானம் அளவுச் சாப்பாடு, ராத்திரிக்குப் பரோட்டா. தனியா உக்காந்து சாப்பிடறப்ப எவ்ளோ சாப்பிடறோம்னே தெரியறதில்லீங்க. டிவியில யாராச்சும் பேசிட்டு இருப்பாங்க, இலையப் பாத்தா காலியா இருக்கும். ஒரு நாளைக்கு நான் பேசற பேச்சு, மெஸ்ஸுப் பையன்கிட்ட "வெச்சுட்டுப் போப்பா." அவ்ளோதான். இப்ப உங்ககிட்ட இவ்ளோ பேசறனே, தொண்டை கூட வலிக்குது.

சரி, கல்ல வெய்ங்க. அட்டை எதுக்குங்க? கண்ணாடி கீறாம இருக்கறதுக்கா? சரி சரி. பொறுமையா வெய்ங்க. ஒண்ணு. எவ்ளோ காட்டுது? இருபதா. சரி, கொஞ்சமா வெச்சா ஒழுங்காத்தான் காட்டும். ரெண்டு? நாப்பது. மூணாவதையும் வெய்ங்க. நாலாவது... எவ்ளோங்க?

எண்பதா? சரியா எண்பதா? புள்ளிக்கு அக்கட்டால என்ன இருக்குது? சைபரா.

இன்னொரு தாட்டி எறக்கி ஏத்துங்க தம்பி. சிரமம் பாக்காதீங்க. ஓரமா வெச்சுப் பாருங்க. எண்பது. இந்த மூலையில? எண்பதுதானா. பேட்டரி? அதுவும் நல்லாருக்குதா.

உங்க கல்லு சரிதானுங்களே? கோவிச்சுக்காதீங்க, முத்திரை இருக்குது, பாத்தேன். போன மாசம் போட்டதுதான்.

ஆனா ஒண்ணு கேக்கறேன், அதுக்குப் பதில் சொல்லுங்க. மிஷினு சரின்னே வெச்சுக்குவோம். நாலு வருசத்துல என்ற சட்டையெல்லாம் லூசாச்சே, அது எப்படி? அன்னைக்கு மூச்சு முட்டப் போட்ட சட்டை எல்லாமே அப்பறம் தாராளமா ஆச்சு. இதா, இப்பப் போட்டிருக்கறதே பழைய சட்டைதான், பட்டன் போட்டு மேல எடமும் இருக்குது பாருங்க. நம்பரு பொய் சொல்லும், மனுசன் பொய் சொல்லுவான், சட்டை பொய் சொல்லுமா?

என்னத்தப் பாக்கறீங்க? கையத் தூக்கோணுமா? சரி, தூக்கிட்டேன். அக்குள்ல என்ன?

ஒட்டுத் துணியா? என்ன ஒட்டு?

எனக்கு அங்க எட்டிப் பாக்க முடியாது தம்பி, கழுத்து திரும்பாது. நீங்களே சொல்லுங்க. அக்குள்ல இருந்து கீழ முடியற வரைக்குமா? ரெண்டு பக்கமுமா? ஒரு பக்கத்துக்கு எவ்ளோ அகலம்? மூணு வெரக்கடையா. அதே கலர்லயேவா.

அந்தக் கொடியில ரெண்டு சட்டை தொங்குது, கொண்டாங்க. கொண்டாங்க, பரவாயில்ல. நீலச் சட்டை... இதா, எனக்கே தெரியுது. பழைய தையலு பிரிச்ச ஓட்டை வரிசையா இருக்குது. நடுவுல நீட்டுத் துணி. இது கோடு போட்ட சட்டை. இதுலயும். கோட்டுக்குக் கோடு ஒட்ட வெச்சுத் தெச்சிருக்கறா. இந்தத் துணிய எந்தக் கடையில தேடிப் புடிச்சாளோ. அவ தையல் மிஷினு மத்தியானத்துல ஓடும், நான் தூங்கற நேரத்துல. என்னடி தெக்கறேன்னு ஒரு நாளும் கேட்டதில்லீங்க நான்.

சித்த தண்ணி எடுத்துக் குடுங்க. அந்தச் சொம்புல இருக்குது.

அப்ப அவளுக்கு நம்பரு தெரிஞ்சிருக்குது. வாராவாரம் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சேதான் நூறு கிராம் நூறு கிராமாக் கொறைச்சுச் சொல்லியிருக்கறா. போன வாரம் என்ன சொன்னோம்னு ஞாபகம் வெச்சுட்டு, அதுல நூறக் கழிச்சு. நாலு வருசம்! முப்பத்தேழு வருசம் கூட வாழ்ந்தவ, ஒரே ஊட்டுல, ஒரே தட்டுல சாப்பிட்டவ, என்னை இப்படி ஏமாத்திப் போட்டாளே! ஊரெல்லாம் நோட்டைத் தூக்கிட்டுத் திரிஞ்சனே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல? முட்டாளாட்ட நிக்க வெச்சுட்டாளே!

நான் கத்தலீங்க. நீங்க ஏன் எந்திரிக்கறீங்க? உக்காருங்க.

உக்காருங்க தம்பி. நீங்களே ஒரு அடி பின்னாடி போயிட்டீங்க. உங்களுக்கு நான் யாரு? வந்து அரை மணி நேரம் ஆச்சு, உங்களுக்கே அப்படி இருக்குது.

அவ மண்டி போட்டுல்ல உக்காந்திருப்பா. கீழ, என்ற காலுகிட்ட. மேல நான் நிப்பேன்.

பயந்திருக்கறா. வேற ஒண்ணும் இல்ல. அவளுக்கு என்னைக் கண்டா பயம். நான் அதக் கட்டுப்பாடுன்னு நோட்டுல எழுதியிருக்கறேன்.

அந்தக் கல்லு நாலையும் பாருங்க. எவ்ளோ இரும்பு! நீங்க ஒவ்வொண்ணாத் தூக்கறப்பவே உங்களுக்கு மூச்சு வாங்குச்சு. அத்தனையும் சேந்து எண்பதுதான். அதுக்கு மேல இன்னும் ரெண்டு மூணு கல்லாச்சும் போட்டாத்தான் நானு. தெனமும் அத்தனையும் தூக்கிட்டுத்தான் பாத்ரூம் வரைக்கும் போறேன். எனக்கும் கஷ்டமாத்தானுங்க இருக்குது. நானும் வேணும்னா இப்படி ஆனேன்? அவகிட்ட ஒரு நாளாச்சும் இதச் சொல்லியிருக்கலாம். கிண்ணத்த வீசத் தெரிஞ்சவனுக்கு அதச் சொல்லத் தெரியல.

தம்பி, ஒரு உதவி. ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. மிஷினு தப்புன்னு. உங்க கடை முத்திரையோட. போட்டோ புடிச்சு அவளுக்கு அனுப்பிருவேன்.

முடியாதுங்கறீங்க. சரிதான், நீங்க தொழிலுக்கு உண்மையான ஆளு. ஆனா நெனைச்சுப் பாருங்க, "நீ பொய் சொன்னது எனக்குத் தெரிஞ்சு போச்சு"ன்னா அவ எந்த மூஞ்சிய வெச்சுட்டு வருவா? மிஷினு மேல பழியப் போட்டுட்டா யாருக்கும் சங்கடமில்ல. அதுக்கு வாயா இருக்குது திருப்பிப் பேச? சீட்டு வேண்டாம், உங்க போன் மட்டும் குடுங்க. என்னுது உள்ள சார்ஜுல கெடக்குது, போயி எடுத்துட்டு வர்றதுக்கு கால் மணி நேரமாகும். அவ நம்பரு எனக்கு மனப்பாடம். நான் சொல்றேன், நீங்க அடிங்க.

அடிக்குதா? குடுங்க. ...பாத்தீங்களா, ஒரே ரிங்குல எடுத்துட்டா! சுகந்தி எடுக்கல, அவளே எடுத்துட்டா!

அம்மிணி, நாந்தான். நாந்தான் பேசறேன். வேற போனு, தராசுக்காரத் தம்பியோடது. ...குளிக்கலயா இப்ப? ...சாப்பிட்டேன், சாப்பிட்டேன். பாப்பா என்ன பண்ணுது? அந்தச் சத்தம் பாப்பாதானா? ...இல்ல, ஒரு வெசயம் சொல்லோணும். நம்ம எடை மிஷின ஆளக் கூட்டியாந்து பாத்தாச்சு. கல்லு வெச்சே பாத்தாச்சு. மிஷினுதான் தப்பு! உன்ற கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. ...ஆமா, சுத்தத் தப்பு. கண்டபடி காட்டுது. நான் அன்னைக்கே சொன்னேன்ல, ஆஸ்பத்திரியிலயே சொன்னேன்ல, மிஷினுதான் தப்புன்னு? நான் சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்கிட்ட ஒரு தப்பும் இல்ல, உங்கிட்டயும் ஒரு தப்பும் இல்ல. புது மிஷினு வாங்கிரலாம். நீ வந்து பழையபடி பாத்துச் சொல்லு. ஞாயித்துக்கெழமைக்குள்ள கெளம்பி வந்துரு. ...அம்மிணி? ...வசந்தாமணி? கேக்குதா?

வெச்சுட்டா தம்பி.

"ம்"ங்கறா, "ம்"ங்கறா, அப்பறம் சத்தமே இல்ல. லைன் கட்டாச்சோ? உங்க போன்ல டவர் இருக்குதா? முழுசா இருக்குதா.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நல்லதுக்குத்தானே சொன்னேன்? அவளக் காட்டிக் குடுக்காமத்தானே பேசுனேன்?

...என்னங்க?

உள்ளதச் சொல்லியிருக்கோணுமா? நீ பொய் சொன்னேன்னு அவகிட்டயே சொல்லச் சொல்றீங்களா?

...அது இல்லியா? என்ற எடைய மட்டும் சொல்லோணுமா?

"நான் இவ்ளோ இருக்கறேன்"னு. அவ்ளோதானா? மிஷினப் பத்திப் பேசாம, அவளப் பத்திப் பேசாம. கோவமில்லாம.

எப்படிச் சொல்றது தம்பி? அது எவ்ளோன்னு எனக்கே தெரியாதே. அஞ்சு வருசமாத் தெரியாது.

கல்ல எறக்கி வெய்ங்க. அட்டையையும் எடுத்துருங்க. சேர இப்படி இழுங்க, புடிச்சுக்கறேன். வாட்ச்சு, மோதிரமெல்லாம் இருக்கட்டும், கழட்ட வேண்டாம். கையக் குடுங்க. இந்தக் கால வெச்சுட்டேன். இதா, இன்னொண்ணு. உடுங்க, நின்னுக்கறேன்.

நம்பரு நின்னுருச்சா? சரி, கீழ பாருங்க. தம்பி, கீழ பாருங்க, நம்பருதான் அங்க இருக்குது. என்ற மூஞ்சியப் பாக்காதீங்க. பாக்காமச் சொல்லுங்க.